குடியை நிறுத்தக் கூட்டம் தேடுகிறவர்களுக்கு: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். (கட்டிங் என்ற சொல்லின் இரண்டு அர்த்தத்திலும் மாஸ்டராக இருந்தவன்.) குடியை நிறுத்திப் பத்து வருடம் ஆகப் போகிறது. குடியை நிறுத்த நினைக்கிறவர்கள் கூடும் எங்கள் ஏஏ குழுவுக்கு அழைப்புகள் வரும் செல்போன் இரண்டு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. அழைப்பு அவிநாசியிலிருந்து வந்தாலும் நாமக்கல்லிலிருந்து வந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வதை விட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். என் பெயரைப் போடவில்லை. அதற்கான காரணம் கீழே வரும்.

ஏஏ, ஏஏங்கறாங்களே, அது என்னதுங்க? மருந்து குடுப்பாங்களா?

மருந்து கிடையாது, ஊசி கிடையாது, டாக்டர் கிடையாது. குடியால் அடிபட்டு, அதை நிறுத்த நினைக்கிறவர்கள் ஓர் அறையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அவரவர் கதையை அவரவர் சொல்வார்கள். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம்தான் ஏஏ. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், குடியை விட முடியாமல் தவித்த பங்குச்சந்தை ஆள் ஒருவரும் அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவரும் சந்தித்துப் பேசியதில் ஆரம்பித்தது. யார் புத்தி சொன்னாலும் கேட்காத குடிகாரன், இன்னொரு குடிகாரன் தன் கதையைச் சொன்னால் காது கொடுக்கிறான் என்பதுதான் அவர்கள் கண்டது. இந்தியாவில் 1957-இல் டெல்லியில் தொடங்கியது. தமிழ்க் கூட்டங்களில் குடிகாரன் என்று சொல்ல மாட்டோம், குடிநோயாளி என்போம். சர்க்கரை நோயாளி என்கிற மாதிரி.

எங்கூருக்குப் பக்கத்துல கூட்டம் எங்க நடக்குதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களின் பட்டியலும் தொலைபேசி எண்களும் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் பட்டியலை மட்டும் நம்பிப் பஸ் ஏறாதீர்கள். ஊரடங்கோடு நின்றுபோன கூட்டமும் சில பட்டியல்களில் இன்னும் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூட அறையில் நடப்பது தேர்வுச் சமயத்தில் வேறு இடத்துக்குப் போயிருக்கும். போன் செய்து, "இந்த வாரம் நடக்குதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையம் பழக்கமில்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுதான் நல்ல வழி. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறையில் இருக்கும் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலம் அரசு மருத்துவமனை என்று எங்கே போனாலும் அங்கிருக்கும் ஆலோசகரிடம் "ஏஏ கூட்டம் எங்க நடக்குது?" என்று கேளுங்கள். சர்ச் அலுவலகத்திலும் கேட்கலாம், கூட்டங்கள் பல சர்ச் வளாகங்களில்தான் நடக்கின்றன. குடிபோதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனசு கலங்கிக் கிடக்கும் ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416. அது இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இடம் தெரிந்துவிட்டால் இன்னும் ஒரு கணக்குப் போடுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று பார்ப்பதை விட, நீங்கள் வழக்கமாகக் குடிக்கிற நாளில், குடிக்கிற நேரத்தில் எங்கே கூட்டம் இருக்கிறது என்று பாருங்கள். எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம். வாரச் சம்பளக் கவர் கைக்கு வந்தால் அரை மணி நேரத்தில் கடை வாசலில் இருப்பேன். அதனால் வீட்டுப் பக்கம் நடந்த புதன்கிழமைக் கூட்டத்தை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய சனிக்கிழமைக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கிறார்கள். அந்தப் பத்து மணி நேரத்தில் சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டரை வரைதான் ஆளை இழுக்கும். பெரும்பாலான கூட்டங்கள் அந்த நேரத்தில் நடப்பது தற்செயல் இல்லை. திரும்பி வர டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்பது முதல் வாரத்தில் நல்லதில்லை.

போன்ல என்னன்னு பேசறதுங்க? பேரு, ஊரு எல்லாம் சொல்லோணுமா?

வேண்டாம். "கூட்டத்துக்கு வரலாம்னு இருக்கேன்" என்றால் போதும். எடுக்கிறவரும் ஒரு காலத்தில் இதே போனைச் செய்தவர்தான். எனக்கு வரும் அழைப்புகளில் பாதி, "என் சிநேகிதன் ஒருத்தனுக்காகக் கேக்கறேனுங்க" என்றுதான் ஆரம்பிக்கும். சரிங்க, சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு வாங்க என்பேன். சிநேகிதர் தனியாகத்தான் வந்து சேர்வார்.

எவ்வளவு செலவாகுமுங்க?

ஒன்றும் ஆகாது. கட்டணம், சந்தா, பதிவு எதுவும் கிடையாது. கூட்டம் முடியும்போது ஒரு பை சுற்றி வரும். அறை வாடகைக்கும் டீத்தூளுக்கும் பத்தோ இருபதோ இருந்தால் போடலாம். இல்லாவிட்டால் பையைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடலாம். புதிதாக வருகிறவர்களைப் போட வேண்டாம் என்றே பல குழுக்களில் சொல்லிவிடுவார்கள்.

வெளியாட்களிடம் பணம் வாங்குவதே இல்லை. எங்கள் பகுதிப் பிரமுகர் ஒருவர் நல்ல மனதோடு பத்தாயிரம் ரூபாய் கொண்டுவந்தார். கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டோம். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வாரத்துல ஒரு நாள்தானுங்க குடிக்கிறேன். நானும் குடிநோயாளியா?

எனக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு வர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. எத்தனை குவாட்டர், எத்தனை வருடம் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

ஒன்றை மட்டும் பாருங்கள். இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று உட்கார்ந்து எத்தனை தடவை இரண்டோடு எழுந்திருக்கிறீர்கள்? குடிக்காத ஆறு நாளும் அந்த ஏழாவது நாளை நினைத்துக்கொண்டே போகிறதா? நான் குடித்த காலத்தில் தறி ஓட்டுகிற என் மச்சான் என்னை விட அதிகம் குடிப்பார். டாக்டர் கல்லீரலைப் பற்றிச் சொன்ன அன்றோடு விட்டுவிட்டார். என்னிடமும் அதே டாக்டர் அதையேதான் சொன்னார். அந்தக் கவலையில் நேராகக் கடைக்குப் போனேன்.

முதல் நாள் போனா என்னங்க நடக்கும்?

என் முதல் நாளைச் சொல்கிறேன். எதிரே இருந்த பேக்கரியில் நின்று இரண்டு டீயும் ஒரு தேங்காய் பன்னும் முடித்துவிட்டு, வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொரு ஜோடி. அதில் ஒன்று பாலிஷ் போட்ட ஷூ. இவ்வளவு நல்ல ஷூ போட்டவன் இங்கே எதற்கு வருகிறான் என்ற யோசனையில்தான் ரோட்டைத் தாண்டினேன்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருவர் எழுந்து வந்து கை கொடுத்து, பின்வரிசையில் உட்கார வைத்து, டீ கொடுத்தார். அரை டம்ளர்தான். கஞ்சப் பயல்கள் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், என் கை ஆடுகிறது, முழு டம்ளராக இருந்தால் சட்டையில் கொட்டியிருக்கும். இப்போது எங்கள் குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் டீ ஊற்றுகிறேன். அரை டம்ளர்தான்.

கூட்டம் சின்ன மௌனத்தோடும் மனஅமைதி வேண்டும் ஒரு பிரார்த்தனையோடும் தொடங்கும். குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த பன்னிரண்டு படிகளை யாராவது வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லிவிட்டுப் பேசுவார்கள். உங்கள் முறை வந்தால், "இன்னைக்குக் கேட்டுட்டுப் போறேனுங்க" என்று சொல்லலாம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். நான் முதல் நான்கு வாரம் அதைத்தான் சொன்னேன். கிளம்பும்போது இரண்டு மூன்று பேர் போன் நம்பர் கொடுப்பார்கள். அதைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த கூட்டம் வரை உங்களுக்குத் துணை அதுதான். பாலிஷ் ஷூக்காரர் ஒரு வாத்தியார். பதினாறு வருடம் குடிக்காமல் இருந்தவர்.

சர்ச்சுல நடக்குதுங்கறீங்க. மதம் மாத்திருவாங்களா?

மாற்ற மாட்டார்கள். குறைந்த வாடகைக்கு, வாராவாரம், சாயங்காலம், குடிகாரர்களை நம்பி அறையைத் திறந்துவிட எத்தனை மண்டபம் தயாராக இருக்கிறது? சர்ச்சுகள் கொடுத்தன, அதனால் அங்கே நடக்கிறது. பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் நடப்பதும் உண்டு. ஏஏ எந்த மதத்தையும் கட்சியையும் சேர்ந்ததில்லை.

படிகளில் கடவுள் என்ற சொல் வரும், மறைக்கவில்லை. அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றே அதில் இருக்கிறது. எங்கள் அறையில் ஒருவருக்கு அது சென்னிமலை முருகன், ஒருவருக்குக் குலதெய்வம், ஒருவருக்கு ஏசு. ஈரோட்டிலிருந்து வரும் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர், "எனக்கு இந்தக் கூட்டம்தான் பெரிய சக்தி, வேற சாமி தேவையில்லை" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டு, குடிக்காமலும் இருக்கிறார்.

ஒறம்பரைக (சொந்தக்காரங்க) யாராச்சும் பார்த்துட்டா மானம் போயிருமுங்களே?

கடை வாசலில் பார்த்தவர்களிடம் போகாத மானமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்தப் பயம் உண்மையானது, நம் பக்கத்தில் ஒரு செய்தி காங்கேயத்தில் கிளம்பினால் தாராபுரம் போய்ச் சேர ஒரு போன் போதும். முடிந்தால் முதல் சில வாரம் பக்கத்து டவுன் கூட்டத்துக்குப் போங்கள். பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

அறையில் யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பது அறையிலேயே இருக்க வேண்டும் என்பது ஏஏவில் முக்கியமான வழக்கம். பத்திரிகையிலோ இணையத்திலோ உறுப்பினர் தன் பெயரைப் போட்டுக்கொள்வதில்லை என்பதும் அதைச் சேர்ந்தது. நான் பெயரில்லாமல் எழுதுவது அதனால்தான்.

உள்ளேயே தெரிந்தவர் இருந்தால்? எனக்கு இருந்தார். வாய்க்கால் வரப்புக்காக நாலு வருடம் எங்களோடு கேஸ் நடத்திய பங்காளி, எதிர் நாற்காலியில். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு மேலே ஃபேனைப் பார்த்தோம். நான் அங்கே என்ன காரணத்துக்காக இருந்தேனோ அதே காரணத்துக்காகத்தான் அவரும் இருந்தார். யாரைப் பற்றி யார் வெளியே சொல்வது? கேஸ் அதற்குப் பிறகும் நடந்தது, அது வேறு விஷயம்.

குடிச்சிருந்தா உள்ள விடுவாங்களா?

விடுவார்கள். அன்றைக்குப் பேச மட்டும் சொல்ல மாட்டார்கள், சத்தம் போட்டால் ஒருவர் வெளியே கூட்டிப்போய் உட்கார வைப்பார். பாட்டிலை உள்ளே கொண்டுவராதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

இன்னைக்கே அடியோட நிறுத்திட்டு, நாளைக்குக் கூட்டத்துக்கு வந்துடறேன். சரிதானுங்க?

தினமும், காலையிலிருந்தே குடிக்கிறவராக இருந்தால் இதற்கு என் பதில்: பொறுங்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள். பல வருடம் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று சரக்கு நின்றால் தாங்காது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை, இல்லாத ஆளோடு பேசுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது, ராத்திரியா பகலா தெரியாமல் போவது எல்லாம் வரலாம். வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது. 108-ஐக் கூப்பிட வேண்டும்.

2020 மார்ச்சில் கடைகளை ஒரே நாளில் மூடினார்களே, அப்போது எங்கள் வீதியில் ஒருவருக்கு மூன்றாம் நாள் வலிப்பு வந்ததைப் பார்த்தேன். குடிக்காததால் ஒரு மனுஷனுக்கு இப்படி ஆகும் என்று அவர் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மருத்துவமனையில் இதற்கு மாத்திரை இருக்கிறது, தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி இருக்கிறது, சில நாளில் உடம்பு படிந்துவிடும். ஏற்கனவே நிறுத்தும்போது வலிப்பு வந்தவர்கள் வீட்டில் முயற்சி செய்யவே கூடாது. கூட்டம் எங்கும் ஓடிவிடாது, உடம்பு தேறிய பிறகு வாருங்கள். டாக்டர் தரும் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே கூட்டத்துக்கு வரலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. மாத்திரையை நிறுத்தச் சொல்ல ஏஏவில் யாருக்கும் உரிமை இல்லை. யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கோயில்ல கயிறு கட்டியிருக்கேன். மாலை போட்டா நாப்பத்தெட்டு நாளும் தொடமாட்டேன். அப்புறம் எதுக்குங்க கூட்டம்?

நானும் ஐந்து வருடம் மாலை போட்டவன். நாற்பத்தெட்டு நாளும் சுத்தம். மலையிறங்கி மாலையைக் கழற்றின அன்றைக்கு ராத்திரியே தொட்டுவிடுவேன். மாலை போட்டிருக்கும்போது விடிகாலைக் குளியல், சாயங்காலம் சரணம், கூடவே பத்துச் சாமிகள், யார் வீட்டுக்குப் போனாலும் "சாமி, வாங்க" என்ற மரியாதை. அந்தக் கட்டுக்குள் இருக்கும் வரை என்னால் முடிந்தது. கட்டு அவிழ்ந்த மறுநாள் பழைய ஆளும் பழைய கடையும்தான். கூட்டம், கழற்றாத மாலை மாதிரி. கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை, அதுவும் இருக்கட்டும்.

எங்க ஊட்டுக்காரர் வரமாட்டேங்கறாருங்க. எப்படியாச்சும் இழுத்துட்டு வரட்டுங்களா?

வருகிற அழைப்புகளில் பெரும்பங்கு அம்மிணிகளிடமிருந்துதான். இழுத்துக்கொண்டு வந்தால் உடம்பு மட்டும் வரும். ஒன்று செய்யலாம், போதை தெளிந்த காலை நேரத்தில், முந்தைய நாள் நடந்ததைக் கத்தாமல் சொல்லி, கூட்டத்தின் நேரத்தையும் போன் நம்பரையும் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு தடவை போதும். என் மனைவி கொடுத்த சீட்டு எட்டு மாதம் என் பர்சில் கிடந்தது. எழுத்து அழிந்து கடைசி இரண்டு எண் தெரியாமல் போய், அவளிடமே திரும்பக் கேட்டேன்.

உங்களுக்கென்று தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கானது, பெயர் அல்-அனான். 1951-இல் ஏஏவைத் தொடங்கியவர்களில் ஒருவரின் மனைவியும் இன்னொரு அம்மாவும் ஆரம்பித்தது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று உண்டு. அவர் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். நம் பக்கத்தில் ஏஏ அளவுக்கு இந்தக் கூட்டங்கள் இல்லை, ஏஏ எண்ணில் கேட்டாலே விவரம் சொல்வார்கள். திறந்த கூட்டம் என்று ஏஏவில் ஒரு வகை உண்டு, அதற்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மூடிய கூட்டம் என்றால் குடிநோயாளிகளுக்கு மட்டும். எது என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடி, உதை இருக்கிற வீடு என்றால் இதெல்லாம் பிறகு. முதலில் பெண்கள் உதவி எண் 181.

சோத்துல தெரியாம கலந்து குடுக்கற மருந்து இருக்குதாமுங்களே?

கலக்காதீர்கள். அப்படி விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால், உடம்பு சாராயத்தை முழுதாக உடைக்க முடியாமல் பாதியில் நின்று, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோயாளியாக இருந்தால் உயிர் போகலாம். நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும். டாக்டர் சொல்லி, குடிக்கிறவருக்குத் தெரிந்து, சம்மதத்தோடு சாப்பிட வேண்டிய மாத்திரை அது. தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போலக் கடைக்குப் போவார், வரும் விளைவு உங்கள் தலையில் விழும்.

சென்டர்ல மூணு மாசம் போட்டுட்டா சரியாயிருமுங்களா?

நல்ல மையத்தில் உடம்பு தேறும், யோசிக்க இடைவெளி கிடைக்கும். வீட்டுக்குத் திரும்பிய பிறகு வரும் முதல் சனிக்கிழமைக்கு என்ன ஏற்பாடு என்பதுதான் கேள்வி. நல்ல மையங்களே வெளியே வரும்போது கூட்டத்துக்குப் போகச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

மோசமானதும் இருக்கிறது. ராத்திரி நாலு பேர் வேனில் வந்து கையைக் கட்டித் தூக்கிப்போன ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. அங்கே கிடைத்தது அடிதான். சேர்ப்பதற்கு முன், மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, மனநல டாக்டர் வருகிறாரா, குடும்பத்தார் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஒருவரை அவர் விருப்பம் இல்லாமல் சேர்க்கத் தனி விதிமுறை இருக்கிறது, வேன் அனுப்பித் தூக்குவது அதில் வராது.

நான் ஒரு பொம்பளைங்க. குடிக்கிறது நான்தான். அங்க எல்லாம் ஆம்பளைகளாத்தானே இருப்பாங்க?

பெரும்பாலும் ஆமாம். உங்களுக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது, வருகிறவர்களும் இருக்கிறார்கள். போனில் பேசும்போதே பெண் உறுப்பினர் யாரோடாவது பேச முடியுமா என்று கேளுங்கள். பெண்களுக்கான இணையக் கூட்டங்கள் உண்டு. வீட்டில் யாருக்கும் தெரியாமல், காதில் இயர்போனோடு மொட்டை மாடியில் உட்கார்ந்து தொடங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது நேரில் வருகிறார், முன்வரிசையில் உட்காருகிறார்.

ரிக் வண்டியில இருக்கேனுங்க, திருச்செங்கோடு. மாசக்கணக்குல வடக்கதான். எங்கிருந்து கூட்டத்துக்கு வாரது?

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் ஆட்களும் நாமக்கல் லாரிக்காரர்களும் கேட்பது. இரண்டு வழி. ஏஏ வடக்கேயும் இருக்கிறது, போகிற ஊரின் எண்ணை அதே இணையதளத்தில் எடுக்கலாம். மொழி புரியாவிட்டாலும் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், அழுகிற இடமும் சிரிக்கிற இடமும் தெரியும். இல்லையென்றால் செல்போனில் தமிழ் இணையக் கூட்டம். ஊரடங்குக் காலத்தில் பெருகியவை, இன்றும் நடக்கின்றன. போர் ஓடும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, வண்டியை விட்டு நூறடி தள்ளி வந்து உட்காருங்கள்.

போய்ப் பார்த்தேனுங்க, எனக்குப் புடிக்கலை.

எது பிடிக்கவில்லை? அந்தக் குழுவா, ஆட்களா, பேச்சா? குழுவுக்குக் குழு மாறும். ஒன்றில் பெரியவர்கள் அதிகம், ஒன்றில் இளவட்டம், ஒன்றில் ஒரே ஆள் இருபது நிமிடம் பேசிக் கொல்வார். வேறு இரண்டு குழுக்களைப் பாருங்கள். ஆறு கூட்டம் போகாமல் முடிவு செய்ய வேண்டாம் என்பது நாங்கள் வழக்கமாகச் சொல்வது. அப்புறமும் ஒத்துவரவில்லை என்றால் பரவாயில்லை, மனநல ஆலோசகரிடம் போங்கள், மருந்து எடுங்கள். ஏஏதான் ஒரே வழி என்று நான் சொல்ல மாட்டேன். என்னோடு சேர்ந்தவர்களில் வேறு வழியில் நிறுத்தியவரும் உண்டு.

கெடாவெட்டு, நோம்பி, எழவு, எல்லாத்துலயும் பாட்டில்தானுங்க. போகாம இருக்க முடியுமுங்களா?

முதல் வருடம் கெடாவெட்டுக்குப் போகவில்லை என்றால் குலதெய்வம் கோபிக்காது, மாமன் மச்சான்தான் கோபிப்பார்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் சொந்த வண்டியில் போங்கள், பந்தியில் முதல் வரிசையில் உட்காருங்கள், கறிச்சோறு சாப்பிட்ட கையோடு மொய்யை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். தோட்டத்துப் பக்கம் ஆட்கள் கும்பலாக நகரத் தொடங்கும்போது நீங்கள் ரோட்டில் இருக்க வேண்டும். "ஒரு கட்டிங் மட்டும் மாப்ள" என்பவரிடம் காரணம் விளக்காதீர்கள், மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லி நகருங்கள். போவதற்கு முன் ஒரு போன், வந்த பிறகு ஒரு போன். முதல் நாள் வாங்கிய நம்பர்கள் இதற்குத்தான்.

கள்ளு இயற்கைதானுங்களே? அது மட்டும் குடிச்சா?

தென்னந்தோப்பு இருக்கிற ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 1987-இலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை, அதை நீக்க வேண்டும் என்று நம் பக்கத்து விவசாயிகள் கேட்டு வருகிறார்கள். அந்த நியாயத்துக்குள் நான் போகவில்லை. இந்த மண்ணில் அது பழைய சண்டை. 1921-இல் பெரியார் ஈ.வெ.ரா. தன் தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார், ஈரோட்டில் அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் நின்றார்கள். ராஜாஜி 1937-இல் மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் ஜில்லாவில்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். புளித்த கள்ளிலும் இருப்பது அதே ஆல்கஹால்தான், அளவு குறைவு. என்னைப் போன்றவனுக்கு முதல் மிடறுதான் பிரச்சினை, அது பனையிலிருந்து வந்ததா ஃபேக்டரியிலிருந்து வந்ததா என்று என் மூளை விசாரிக்காது. பீருக்கும் இதே பதில்.

ஆறு மாசம் நல்லா இருந்தேனுங்க. போன வாரம் குடிச்சுப்போட்டேன். இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு வாரது?

அதே மூஞ்சியோடு வாருங்கள். எனக்கு இரண்டாம் வருடத்தில் இது நடந்தது. மூன்று வாரம் போனை எடுக்கவில்லை. நாலாவது வாரம் போய் நின்றபோது வாத்தியார், "டீ ஆறுது, உக்காருங்க" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்துதான் இந்தப் பத்து வருடக் கணக்கு. மறுபடி தினமும் குடிக்கத் தொடங்கியிருந்தால், திடீரென்று நிறுத்துவது பற்றி மேலே சொன்னது உங்களுக்கும் பொருந்தும், நேராக டாக்டரிடம் போங்கள்.

எங்க பக்கம் முப்பது கிலோமீட்டருக்குக் கூட்டமே இல்லீங்க. நாங்களே ஆரம்பிக்கலாமுங்களா?

ஆரம்பிக்கலாம். குடியை நிறுத்த நினைக்கிற இரண்டு பேர் இருந்தால் குழு. யாரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை, தலைவர் செயலாளர் போஸ்டர் எதுவும் தேவையில்லை. அதற்கு முன் சில மாதம் ஏற்கனவே நடக்கும் குழு ஒன்றுக்குப் போய் வாருங்கள், தூரமாக இருந்தாலும். அங்கிருந்து பழையவர்கள் இரண்டு பேர் முதல் சில வாரம் உங்கள் ஊருக்கு வந்து உட்காருவார்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள். வாசிக்க வேண்டிய அச்சுத்தாள்களும் அவர்களிடம் கிடைக்கும்.

அறை எங்கே கிடைத்தாலும் சரி, கிழமையையும் மணியையும் மாற்றாதீர்கள். ஒருவர் மட்டும் வந்தாலும் முழு நேரமும் கதவு திறந்திருக்க வேண்டும், எதிர் பேக்கரியில் எவனாவது செருப்பை எண்ணிக்கொண்டிருப்பான். சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். எங்கள் குழுவைத் தொடங்கிய இரண்டாம் வாரமே சாவி வைத்திருந்தவர் ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குப் பெருந்துறை போய்விட்டார். கொசுவர்த்தி ஒன்றைக் கொளுத்தி வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து நடத்தினோம்.